குடியை மட்டும் விட்டால் போதுமா?

புதுச்சேரியில் மதுவைப் பற்றிய பேச்சு ஓய்ந்த நாளே இல்லை. 2020 மே மாதத்தில் கொரோனாவைக் காரணம் காட்டி சிறப்பு வரி போட்டு, தமிழக விலைக்குச் சமமாக மது விலையை உயர்த்தினார்கள். 2021 ஏப்ரலில் அந்த வரி போனது, பழைய கூட்டம் திரும்பி வந்தது. அதன் பிறகு ரெஸ்டோ பார்கள் பெருகின. 2025 ஆகஸ்டில் அப்படி ஒரு பாரில் நடந்த தகராறில், வெளியூரிலிருந்து வந்த கல்லூரி மாணவர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டபோது ஊரே அதிர்ந்தது. உடனே எழுந்த விவாதம் என்ன? பார்களை எத்தனை மணிக்கு மூட வேண்டும், உரிமங்களை எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான். இவை தேவையான கேள்விகளே. ஆனால் இவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இன்னொரு பக்கம், 2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், மக்கள் தெருவில் இறங்கியபோது அந்தக் கோபத்தில் பாதி கஞ்சாவின் மேல் இருந்தது. பள்ளிகளில் விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடந்தன. பேரணிகள் போயின. அங்கே மதுவைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. மதுவைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் மற்றவற்றைப் பற்றிப் பேச்சு வருவதில்லை.

நம் வீடுகளிலும் இதே கதைதான். "குடி" என்பது ஒரு கணக்கு. "போதைப்பொருள்" என்பது வேறு கணக்கு, அது யாரோ வேறு வீட்டுப் பிள்ளைகளின் பிரச்சினை. சிகரெட், ஹான்ஸ், உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கும் கூல் லிப், இருபது ரூபாய் எனர்ஜி டிரிங்க் இவையெல்லாம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. "குடிக்கிற பழக்கம் இல்லீங்க, சும்மா ஹான்ஸ் மட்டும்தான்" என்று மாப்பிள்ளை பார்க்கும்போது சொல்கிறார்கள், பெண் வீட்டாரும் தலையாட்டுகிறார்கள்!

மூளை இப்படித் தனித்தனியாகக் கணக்கு எழுதுவதில்லை என்பதுதான் இங்கே சொல்ல வந்த விஷயம். நரம்பைத் தூண்டிவிடும் எந்தப் பொருளும், அது பெட்டிக்கடையில் கிடைப்பதாக இருந்தாலும் சரி, திருட்டுத்தனமாகக் கைமாறுவதாக இருந்தாலும் சரி, மதுவைத் தேடும் ஆசையோடு உள்ளே கை கோத்துக்கொள்கிறது. ஒன்றை விரட்டிவிட்டு மற்றதை வீட்டில் வைத்திருப்பவர்கள், ஏன் மறுபடி மறுபடி தோற்றுப்போகிறோம் என்று தெரியாமலே தவிக்கிறார்கள்.

முதலில் அளவைப் பார்த்துக்கொள்வோம். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019இல் வெளியானது. அதன்படி 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு வகையில் மருத்துவ உதவி தேவை. கொக்கைன் பயன்படுத்துவோர் 0.10 சதவீதம். 'ஐஸ்', 'மெத்' என்ற பெயர்களில் வரும் ஆம்பெட்டமின் வகைகளைப் பயன்படுத்துவோர் 0.18 சதவீதம். புகையிலையோ, 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 28.6 சதவீதம் பேரிடம் இருக்கிறது. எனவே கொக்கைன் வந்துவிட்டது என்று அலறும் நேரத்தில், சட்டைப் பையில் இருக்கும் பொட்டலத்தையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

மது மனிதனை உசுப்பேற்றும் பொருள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இரண்டு பெக் போட்டவர் உரக்கப் பேசுவதைப் பார்த்து வந்த எண்ணம் அது. உண்மையில் மது நரம்பை அமர்த்தும் பொருள். நம் மூளையில் 'காபா' என்ற வேதிப்பொருள் பிரேக் போல வேலை செய்கிறது, 'குளூட்டமேட்' ஆக்சிலேட்டர் போல. மது பிரேக்கை அழுத்துகிறது, ஆக்சிலேட்டரைத் தளர்த்துகிறது. முதலில் அமர்ந்துபோவது கூச்சமும் நிதானமும்தான் என்பதால், ஆள் துணிச்சல் பெற்றுவிட்டது போலத் தெரிகிறது. தினமும் குடிப்பவரின் மூளை சும்மா இருப்பதில்லை. யாரோ எந்நேரமும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதால், அது தன் சொந்த பிரேக்கைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முடுக்கி வைத்துக்கொள்கிறது. காலையில் மது இறங்கியதும் கை நடுங்குவதும், வியர்ப்பதும், ஒரு கட்டிங் உள்ளே போனதும் நடுக்கம் நிற்பதும் இதனால்தான். திமிர் என்றும் நடிப்பு என்றும் வீட்டில் திட்டுகிறோம். அது இரண்டும் இல்லை.

இதற்கு மேல் 'டோபமின்' என்ற ஒன்று இருக்கிறது. இன்பத்தைத் தரும் வேதிப்பொருள் என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். இன்னும் சரியாகச் சொன்னால், "இதை நினைவில் வை, மறுபடியும் தேடிப் போ" என்று மூளையில் முத்திரை குத்துவது அது. நல்ல சாப்பாடு, குழந்தையின் சிரிப்பு, நண்பரின் பாராட்டு எல்லாவற்றுக்கும் இந்த முத்திரை உண்டு. மதுவும் அதே இடத்தில் குத்துகிறது. நிகோட்டினும் அதே இடத்தில்தான். கொக்கைனும் 'ஐஸ்'ஸும் அதே இடத்தில், ஆனால் சம்மட்டியால் அடிப்பது போல. வேலை முடிந்து வரும்போது பிராந்திக் கடைப் பலகையைப் பார்த்ததுமே ஒருவரின் கால் தானாகத் திரும்புகிறதே, அந்தக் கால் திரும்புவது முத்திரையின் வேலை. குடித்த பிறகு வரும் போதையைவிட, குடிப்பதற்கு முன் வரும் இந்தத் தேடல்தான் குடும்பங்களை உலுக்குகிறது.

இனி நிகோட்டினுக்கு வருவோம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். எலிகளுக்கு முதலில் நிகோட்டின் கொடுத்தார்கள். பல மணி நேரம் கழித்து மது கொடுத்தார்கள். மது உள்ளே போனதும் வழக்கமாக எழ வேண்டிய டோபமின் அந்த எலிகளுக்குக் குறைவாகவே எழுந்தது. அப்படியானால் அவை மதுவை வெறுத்திருக்க வேண்டும் அல்லவா? மாறாக, அவை அதிகமாகக் குடித்தன. நிகோட்டின் உடலின் மனஅழுத்த ஹார்மோன்களைக் கிளப்பிவிட்டிருந்தது, அது காபா பிரேக்கை இறுக்கியிருந்தது. அந்த ஹார்மோனின் வழியை மருந்தால் அடைத்தபோது எலிகள் பழைய அளவுக்குத் திரும்பின. எலிக்கு நடப்பது எல்லாம் மனிதனுக்கு அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வாயில் புகையிலையோடு இருப்பவருக்கு ஒரு குவார்ட்டர் போதாமல் போவதை நம் தெருக்களில் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பாக இருக்காது.

இதை மனிதர்களிடம் உறுதிப்படுத்தும் ஒரு செய்தியும் உண்டு. சிகரெட்டை விடுவதற்காகக் கொடுக்கப்படும் 'வரெனிக்ளின்' என்ற மருந்தை, குடிநோயாளிகள் 200 பேரிடம் அமெரிக்க அரசின் மது ஆராய்ச்சி நிறுவனம் சோதித்து 2013இல் வெளியிட்டது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இந்த மருந்து சாப்பிட்டவர்கள் குறைவாகக் குடித்தார்கள். நிகோட்டின் தட்டும் கதவைச் சாத்தினால், மது தட்டும் சத்தமும் குறைகிறது.

இப்போது கூல் லிப் விஷயத்தை நினைத்துப் பாருங்கள். சிறிய பை, பார்ப்பதற்கு மிட்டாய் போல, புகையும் இல்லை வாடையும் இல்லை. வகுப்பறையில் ஆசிரியர் முன்னாலேயே உதட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். 2024 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளி மாணவர்களிடம் இது பரவுவதைக் கண்டு, நாடு முழுவதும் இதை ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது. கல்வி நிலையங்களுக்கு 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கவே கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்தப் பையன்தான் நான்கு வருடம் கழித்து முதல் பீர் குடிக்கப் போகிறான். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும். நம் புதுச்சேரியில் 18 போதும். அந்த வயதுக்குள் அவன் மூளை எப்படித் தயாராகியிருக்கும் என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

எனர்ஜி டிரிங்க் பற்றிச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். 250 மி.லி. கேனில் சுமார் 75 மில்லிகிராம் கஃபீன். ஒரு டம்ளர் ஸ்ட்ராங் ஃபில்டர் காபியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். உண்மைதான், காபி குடிக்கும் நம் பாட்டிமார்களை யாரும் குற்றம் சொல்லவில்லை. அதை வோட்காவோடு கலக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. உடலில் 'அடினோசின்' என்று ஒரு பொருள் சேரச் சேரத் தூக்கம் வரும். மது அதைக் கூட்டுகிறது, கஃபீன் அது வேலை செய்யாதபடி வழிமறிக்கிறது. எனவே கலந்து குடித்தவருக்குத் தூக்கமும் தள்ளாட்டமும் தெரிவதில்லை, ஆனால் இரத்தத்தில் மது அப்படியே இருக்கிறது. "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன், வண்டியை நானே எடுக்கிறேன்" என்று சொல்வது இந்த நிலையில்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதி இரவுகளில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் பத்துப் பல்கலைக்கழகங்களில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், கலந்து குடித்த மாணவர்களுக்கு வெறும் மது குடித்தவர்களைவிடக் காயங்களும் பிற விபரீதங்களும் அதிகமாக இருந்தன. 2010 நவம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் கஃபீன் கலந்த மதுபானங்களைத் தயாரித்த நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தக் கேன்கள் கடைகளிலிருந்து போயின. ஆனால் மேசையில் இரண்டு பாட்டில்களை வைத்துக் கலந்துகொள்வதை எந்தக் கடிதம் தடுக்கும்? நம் ரெஸ்டோ பார்களில் நடப்பது அதுதான். 2013இல் வந்த இன்னொரு ஆய்வு நம் கவனத்துக்குரியது: அதே அளவு மதுவை எனர்ஜி டிரிங்கோடு சேர்த்துக் குடித்த மாணவர்களுக்கு "இன்னும் ஒன்று வேண்டும்" என்ற ஆசை கூடுதலாக இருந்தது. தேடல் என்று மேலே சொன்னோமே, அது இங்கேயும் வந்து நிற்கிறது.

கொக்கைன் விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு, கத்தோலிக்கர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1863இல் பாரிசில் ஆஞ்செலோ மரியானி என்பவர் போர்தோ திராட்சை இரசத்தில் கோகா இலைகளை ஊறவைத்து 'வின் மரியானி' என்று விற்றார். இரசத்தில் இருந்த மது, இலையிலிருந்த கொக்கைனைக் கரைத்து எடுத்துக்கொண்டது. ஐரோப்பா முழுவதும் அதைச் சத்து டானிக்காகக் குடித்தார்கள். திருத்தந்தை 13ஆம் லியோ, நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்த அதே திருத்தந்தை, மரியானிக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார். அவருடைய படத்தோடு விளம்பரமும் வந்தது! நம் புதுச்சேரியை 1886இல் உயர்மறைமாவட்டமாக உயர்த்தியவரும், தொழிலாளர் உரிமைக்காக 1891இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை எழுதியவரும் அவரே. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காலத்து மருத்துவர்களே அதைப் பரிந்துரைத்தார்கள். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பெம்பர்ட்டன் என்ற மருந்துக்கடைக்காரர் இதைப் பார்த்து ஒரு கோகா திராட்சை இரசம் தயாரித்தார். அந்த ஊரில் மதுவிலக்கு வந்ததும், 1886இல் மதுவை நீக்கிவிட்டு ஒரு பானம் செய்தார். அதுதான் கோகோ கோலா. கோகா இலையிலிருந்த கொக்கைன் அந்தப் பானத்திலிருந்து போனது பின்னாளில்.

மரியானியின் புட்டியில் உண்மையில் என்ன நடந்தது என்பது நூறாண்டுக்குப் பிறகே தெளிவானது. மதுவும் கொக்கைனும் ஒன்றாக உடலுக்குள் போனால், கல்லீரல் இரண்டையும் சேர்த்து 'கோகாஎத்திலின்' என்ற மூன்றாவது பொருளை உண்டாக்குகிறது. இது கொக்கைனைவிட நீண்ட நேரம் உடலில் தங்குகிறது, இதயத்தை அதிகமாகத் தாக்குகிறது. வெளியே யாரும் விற்காத, உடலே தயாரிக்கிற நஞ்சு. 'ஐஸ்' எடுப்பவர்களிடம் வேறு வழியில் இதே கூட்டணி அமைகிறது. இரண்டு மூன்று நாள் தூக்கமில்லாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும் நரம்பை இறக்குவதற்கு அவர்கள் மதுவைத் தேடுகிறார்கள். 2025 ஜூனில் சென்னையில் திரைப்பட நடிகர்கள் இருவர் கொக்கைன் வழக்கில் கைதானபோது தொலைக்காட்சிகள் ஒரு வாரம் அதையே காட்டின. நம் பங்குகளில் இது இன்னும் அபூர்வம். ஆனால் சென்னை, பெங்களூரு வேலைக்குப் போய் வார இறுதியில் திரும்பும் பிள்ளைகள் நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

தவக்காலம் வரும்போது நம்மிடையே ஒன்றைப் பார்க்கிறோம். சாம்பல் புதன் முதல் குடிப்பதில்லை என்று உறுதி எடுப்பவர்கள் பலர். ஆவணி மாதம் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடப்பவர்களும் அப்படியே. அந்த நாற்பது நாளும் வீட்டில் நிம்மதி. ஆனால் கவனித்தால், அந்த நாட்களில் ஹான்ஸ் பொட்டலம் இரண்டு மடங்காகியிருக்கும், சிகரெட் கூடியிருக்கும். "அதையாவது விட்டு வையுங்க, பாவம்" என்று மனைவியே சொல்வார். உயிர்ப்பு ஞாயிறு மாலையில் பழைய இடத்துக்கே போய்விடுவார். மனஉறுதி இல்லை என்று நாம் முடிவு கட்டுகிறோம். நாற்பது நாளும் அதே முத்திரையை வேறு பொருளால் குத்திக்கொண்டே இருந்தார் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி வணக்கத்துக்குரிய மேட் டால்பட், 1884இல் 28 வயதில் குடியை விட்டார், முதலில் மூன்று மாதத்துக்கு, பிறகு வாழ்நாள் முழுவதற்கும். அவர் புகையிலையையும் விட்டார் என்பதை நம் மறையுரைகளில் அதிகம் சொல்வதில்லை. திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டிலும் 2290ஆம் எண்ணில் உணவு, மது, புகையிலை, மருந்து நான்கையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

சிகிச்சை மையங்களிலும் இந்தச் சலுகை நீண்ட காலம் இருந்தது. "எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் ஓடிவிடுவார்" என்ற பயம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் கூட்டங்களிலும் காபியும் சிகரெட்டும் உற்ற துணைகளாக இருந்தன. அதை 1935இல் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், 36 ஆண்டுகள் மதுவைத் தொடாமல் வாழ்ந்து, 1971இல் புகைப்பழக்கத்தால் சிதைந்த நுரையீரலோடு இறந்தார். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 1996இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. குடிக்காகச் சிகிச்சை பெற்ற 845 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். இறந்தவர்களில் 34 சதவீதம் பேரின் மரணத்தில் மதுவுக்குத் தொடர்பு இருந்தது. புகையிலைக்குத் தொடர்பு இருந்த மரணங்கள் 51 சதவீதம். குடியிலிருந்து காப்பாற்றப்பட்டவர்களைப் பீடியும் சிகரெட்டும் கொண்டுபோயின.

ஓடிவிடுவார் என்ற பயத்துக்கும் 2004இல் பதில் கிடைத்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, போதை சிகிச்சையின்போதே புகையிலையை விடவும் உதவி பெற்றவர்கள், நீண்ட நாள் போதையின்றி இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியிருந்தது. எனவே ஜிப்மருக்கோ வேறு மருத்துவமனைக்கோ உங்கள் வீட்டாரை அழைத்துப் போகும்போது, குடியை மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை பொட்டலம், எத்தனை சிகரெட், எந்த டிரிங்க், எந்த மாத்திரை, எந்த நேரத்தில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள். வீட்டில் பெண்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். துணி துவைக்கும்போது பையைப் பார்ப்பவர்கள் அவர்கள்தானே.

ஒன்றில் மட்டும் அவசரம் கூடாது. தினமும் நிறையக் குடிப்பவர், நேர்ச்சை என்றோ கோபத்திலோ திடீரென ஒரே நாளில் நிறுத்தினால், முடுக்கி வைத்த ஆக்சிலேட்டரைப் பிடிக்க பிரேக் இருக்காது. இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாதவை கண்ணுக்குத் தெரியலாம், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. புகையிலையை நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும், இத்தகைய ஆபத்து வராது. எனவே புகையிலையை வீட்டிலேயே இன்று விடலாம், தினக்குடியை மருத்துவர் துணையோடு விட வேண்டும். 14446 என்ற எண்ணில் மத்திய அரசின் போதை மீட்பு உதவி மையமும், 14416 என்ற எண்ணில் மனநல உதவி மையமும் கட்டணமின்றிப் பேசுகின்றன. தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்லத் தயங்குபவர்கள் பெயர் சொல்லாமலும் கேட்கலாம்.